துணி போட்டிருந்தால் பெல் அடிக்காதே

இதை யாருக்கும் காட்டாதே, கண்ணா. உன் அப்பாவுக்கும் காட்டாதே, அவர் யாராக இருந்தாலும் சரி. முக்கியமாக என் அப்பாவின் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடாதே. படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. இதில் என் அம்மாவின் விஷயம் ஒன்று இருக்கிறது. அது வெளியே தெரிந்தால் மாட்டிக்கொள்ளப் போவது முதலில் அவள், அப்புறம் நான்.

நீ இன்னும் பிறக்கவில்லை. நான் இப்போதுதான் பத்தாவது தேறியிருக்கிறேன். ஆனாலும் நீ வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளையாக என் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மகனே என்று எழுதினால் சிரிப்பு வருகிறது, அதனால் கண்ணா. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட், வர நேரமாகும். அம்மா ஹாலில் படுத்திருக்கிறாள். நான் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. சிநேகிதியிடம் சொல்லலாம் என்றால் அவளுக்கும் ஒரு அம்மா இருக்கிறார், அந்த அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வருவார். பிறக்காத பிள்ளையிடம் சொன்னால்தான் விஷயம் வீட்டைத் தாண்டாது. உன்னை மகனாக நினைத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. நீ ஒரு நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் பெல் அடிக்கப் போகிறாய். உள்ளே ஒரு பெண் அந்தச் சத்தத்துக்காக உட்கார்ந்திருப்பாள். நேற்று வரைக்கும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு ப்ளஸ் ஒன்னில் சேர்ந்துவிட்டேன். இதை எழுதும்போதே மூச்சு லேசாக வருகிறது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பெல் வந்து இரண்டு வருஷம் இருக்கும். அப்பா மார்க்கெட்டில் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஏணி போட்டு மாட்டினார். உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே நிலையில் ஒரு வெள்ளை பட்டன். பட்டனை அழுத்தினால் டிங் என்று ஒரு சத்தம், விரலை எடுத்தால் டாங் என்று இன்னொரு சத்தம். தபால்காரர் அழுத்தின வேகத்தில் விட்டுவிடுவார், இரண்டும் ஒட்டிக்கொண்டு கேட்கும். அப்பாவோடு வேலை செய்கிற எத்திராஜ் மாமா, பட்டனில் விரலை வைத்தபடியே தெருவில் போகிற யாரிடமாவது பேச ஆரம்பித்துவிடுவார். டிங் கேட்டு நாங்கள் கதவுக்குப் பாதித் தூரம் வந்த பிறகுதான் டாங் வரும். பெல் வருவதற்கு முன்னால், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று சொல்வோம். அதில் ஓர் ஆள் இருந்தார். இப்போது பெல் அடிக்கிறது என்கிறோம். ஆளே இல்லை, பெல் தன்னைத் தானே அடித்துக்கொள்வதைப் போலப் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் அழைப்பு மணி ஒலித்தது என்று எழுதச் சொல்வார். எங்கள் வரிசையில் எந்த மணியும் ஒலித்ததில்லை. இங்கே எல்லாம் அடிதான். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, தந்தி அடிக்கிறார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், கணக்கு வாத்தியார் அடிக்கிறார், பெல்லும் அடிக்கிறது. அப்பா கதவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெல் அடித்தால் சமையலறைப் பக்கம் திரும்பி, "பெல்லு அடிக்குது பாரு" என்பார். கதவு அவருக்கு நாலடி தூரம். அம்மாவுக்கு ஒரு ஹாலையும் ஒரு நடையையும் தாண்டின தூரம். பெல் அடிக்கிறது என்று வெறுமனே சொன்னால் போதும், நீ போய்த் திற என்று எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம். உன் வீட்டில் பெல் அடித்தால் நீ அந்த வாக்கியத்தைச் சொல்லாதே, கண்ணா. எழுந்து போய்த் திற.

இனி துணியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். இங்கே எல்லா வீட்டிலும் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் போனவர் காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் தாண்டும் வரை தூங்குவார். கதவைத் தட்டுகிற காலத்தில் இது ஒரு தொல்லையாக இல்லை. தட்டுகிறவருக்கு மெதுவாகத் தட்டத் தெரியும். பெல்லை மெதுவாக அடிக்க முடியாது. வீட்டுக்கு வீடு பெல் வந்ததும் ஆம்பிளைகள் பகலில் திடுக்கிட்டு எழுந்து, எழுந்த கோபத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் மேல் விழ ஆரம்பித்தார்கள். அப்போது யாரோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெஷினில் வேலை செய்கிறவர்களுக்குக் கை துடைக்க பனியன் துணி கொடுப்பார்கள். அதில் ஒரு துண்டை எடுத்துக் கேட்டில் போட்டுவிட்டால், உள்ளே ஒருவர் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வீட்டில் பெல் அடிக்கக் கூடாது, தட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கீரைக்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை வாய் திறக்க மாட்டார். பையன்கள் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒரு தடவை இரண்டு அக்காமார் எங்கள் வீட்டுக்கு முன்னால் தலைமுடியைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டார்கள். ஒருவர் துணியைப் பார்த்துவிட்டார். "இங்க வாணாம், துணி போட்டுகீது, கொயாயாண்ட வா, ஒன்ன வச்சிக்கிறேன்" என்றார். இரண்டு பேரும் குழாயடி வரைக்கும் பேசாமல் நடந்துபோய், அங்கே விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் துணியைப் போடுவதும், அப்பா எழுந்ததும் எடுத்து மடித்து வைப்பதும் என் வேலை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் எத்திராஜ் மாமாவின் அக்கா என்னைப் பார்த்தார். பூந்தமல்லியில் அவர்களுக்குச் சொந்த வீடு, ஒரே பையன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் சொன்னார். "எங்க ஊட்லயும் பெல்லு மாட்டிகீறோம்மா, குருவி கத்தற மாரி. அது பாட்டுக்குக் கத்திகினே கீது. எனக்கு முட்டி வலி, எழுந்து போய் தொறக்க முடியல. அதுக்கோசரந்தான் சட்டுனு ஒரு மருமவள கொண்டாந்துடலாம்னு பாக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "பொண்ணு பத்தாவதா? போதும் போதும். கதவு தொறக்கறதுக்குப் படிப்பு இன்னாத்துக்கு" என்றார் அந்த அம்மா. அதற்கும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே முட்டி வலி. ஆனால் அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது, ஒரு பூட்டு வாங்கப் போவதைப் போல என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அப்பா பொல்லாதவர் இல்லை, கண்ணா, அதை நீ நம்ப வேண்டும். எனக்கு ஜுரம் வந்தால் இரண்டு நாள் லீவு போடுகிறவர். நல்ல இடம், நகை நட்டு என்று வாய் திறந்து கேட்கவில்லை, கூட வேலை செய்கிறவனின் அக்கா மகன், விட்டுவிட்டால் திரும்ப வராது என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவது, பிடித்துவிட்டால் ஆவணியில் கல்யாணம். ப்ளஸ் ஒன்னுக்கு அட்மிஷன் திங்கட்கிழமையோடு முடிகிறது. நான் அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். "ஒங்கப்பா சொன்னா சொன்னதுதான். நல்ல எடந்தான்" என்றாள். எனக்குப் பட்டுப் புடவைக்கு பிளவுஸும் அவளே உட்கார்ந்து தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடு என்று என்னிடமே நீட்டினாள். நான் கோத்துக் கொடுத்தேன். அவளும் அவர்கள் பக்கம்தான் என்று நினைத்து, அன்று ராத்திரி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தார். மதியமே எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கு ஆரம்பம், அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுவதாகப் பேச்சு. என்னிடம் காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்கு வாசப்பக்கம் தல காட்டக் கூடாது. அவங்க உள்ள வந்து குந்தினப்புறந்தான் பொண்ணு வெளிய வரணும்." முன்பக்க ஜன்னலையும் சாத்திவிட்டார். வழி பார்த்து நிற்பது பெண் வீட்டாருக்கு மரியாதையில்லையாம். நாமாகப் போய் எட்டிப் பார்த்தால் பெண் விலை போகாமல் கிடக்கிறது என்று நினைப்பார்களாம். நான் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பஜ்ஜிக்கு எண்ணெய் காய வைத்தாள். எங்கள் வீடு கடைசி வீடு என்பதால் சமையலறையின் சின்ன ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். நான் அதன் வழியே சும்மா பார்த்தேன். எதிர்ப்பக்கம் புங்க மரத்தடியில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எத்திராஜ் மாமா, அந்த அம்மா, ஒரு பெரியவர், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் மாப்பிள்ளை. அவர்கள் ஏன் உள்ளே வராமல் நிற்கிறார்கள் என்று புரியாமல் எங்கள் கேட்டைப் பார்த்தேன். கேட்டில் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

எடுக்க வேண்டியவள் நான். நான்தான் வாசலுக்கு வரக் கூடாதே. வேறு யாருக்கும் அந்த ஞாபகமே வரவில்லை. ஜன்னல் வழியாக அவர்கள் பேசுவது கேட்டது. எத்திராஜ் மாமா குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "துணி போட்டுகீதுக்கா. தூங்கினுகீறான். எயுப்பக் கூடாது."

"பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டுத் தூங்குவாங்களா? இன்னாடா வயக்கம் இது?"

"நைட் டூட்டி பாத்த ஒடம்புக்கா. நீ இப்ப பெல் அடிச்சேன்னு வையி, அலறிகினு எயுந்து வருவான். அந்த மூஞ்சியப் பாத்தா நீயே சம்பந்தம் வாணாம்னுடுவ. செத்த நில்லு, அவனே எயுந்துப்பான்."

"அதுவரைக்கும் மரத்தாண்ட நின்னுகினு காக்கா ஓட்டணுமா?"

எதிர் வீட்டு அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவரும் ரகசியம் பேசுகிற குரலில், "ஆமாங்க, தூங்கறாரு போல, துணி எடுக்கல பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே நாலு பேர் அப்பா எழுவதற்காக நிற்கிறார்கள். உள்ளே அப்பா சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருக்கிறார். நடுவில் ஒரு பழைய பனியன் துணி. எங்கள் குவார்ட்டர்ஸைத் தவிர வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்து நடக்காது. அந்த நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயந்தான் வந்தது. தெரிந்தும் சொல்லாவிட்டால் அது பெரிய தப்பாகிவிடும். அம்மாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, துணி எடுக்கல. அவங்க மரத்தாண்ட நிக்கறாங்க."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். மரத்தடியைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். அந்த அம்மா ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் அம்மா என்னை அப்படிப் பார்த்து எனக்கு நினைவில்லை, கண்ணா. திட்டுகிற பார்வையும் இல்லை, பாவம் பார்க்கிற பார்வையும் இல்லை. சந்தையில் ஒரு பொருளை விடலாமா வாங்கலாமா என்று முடிவு பண்ணுகிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள். பிறகு அடுப்புக்குத் திரும்பிப் போய் ஒரு வாழைக்காயை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டாள். "பெல்லு அடிக்கட்டும். அடிச்சா தொறக்கலாம்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கினதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஹாலிலிருந்து அப்பா கேட்டார்: "வெளிய எதனா பேச்சு சத்தம் கேக்குதா?"

"எதுத்தாப்ல யாரோ வந்துகீறாங்க" என்றாள் அம்மா.

"இன்னும் காணோமே இவங்கள."

"பூந்தமல்லி பஸ்ஸு ஞாயித்துக்கெயமல என்னிக்கு ஒயுங்கா வந்துகீது?"

அப்பா அதை ஒத்துக்கொண்டார். அந்த பஸ்ஸைப் பற்றி இங்கே யாரும் நல்லது சொன்னதில்லை. ஒரு கட்டத்தில் மாப்பிள்ளை மட்டும் தெருவைத் தாண்டி எங்கள் கேட்டுக்கு வந்தார். அம்மாவும் நானும் ஜன்னலின் இரண்டு ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தோம். வெயிலில் நெற்றியெல்லாம் வேர்வை. கேட்டின் மேல் கையை வைத்தார். பட்டன் அங்கிருந்தே தெரியும், கேட்டைத் திறந்து இரண்டு எட்டு வைத்தால் அடித்துவிடலாம். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, கண்ணா. யாரோ ஒருவர் தூங்குகிறார் என்று சொன்னதற்காக வெயிலில் நின்றவர் அவர். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதில்லை, எனக்குப் படிக்க வேண்டும். நீயும் அவரைப் போலத்தான் ஒரு நாள் நிற்பாய். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேள். உனக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேள். அவரும் என்னிடம் கேட்டிருப்பாரோ என்னவோ. கேட்கிற இடத்துக்கு அவரை யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

நாலரை தாண்டினதும் அப்பா சட்டைப் பட்டனைக் கழற்றினார். மரத்தடியில் யாரும் இல்லை. ஆறு மணி வாக்கில் எத்திராஜ் மாமா தனியாகத் திரும்பி வந்தார். அப்போது அப்பா வாசல்படியில் நின்றிருந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"இப்பத்தான் எயுந்தியாடா?" என்றார் மாமா.

"யாருடா தூங்கினது? மதியத்துலேர்ந்து சட்டய மாட்டிகினு கதவையே பாத்துகினுகீறேன். நீ எங்க போய்த் தொலஞ்ச?"

"எங்க போனனா? தோ, அந்த மரத்தாண்டதான் நின்னுகினு இருந்தோம். எங்கக்காவுக்குக் காலு வீங்கிப் போச்சு."

"நின்னீங்களா? பெல் அடிக்கறதுக்கு இன்னா கேடு?"

மாமா கேட்டைக் காட்டினார். அப்பா பார்த்தார். "துணி கீதுன்னா பொண்ணு பாக்க வந்தவன் அப்படியே நிப்பானா?" என்றார், ஆனால் குரலில் வலுவில்லை.

"போன வருசம் துணி போட்ட கதவுல பெல் அடிச்சான்னு இன்சூரன்ஸ்காரன் சட்டயப் புடிச்சது யாருடா? நீதான? அந்தப் பயத்துலதான் நின்னேன்" என்றார் மாமா. பிறகு படியில் உட்கார்ந்து, அக்கா பஸ் ஏறும்போது சொன்னதைச் சொன்னார். முதல் தடவை போன வீட்டில் கதவே திறக்கவில்லை, அதற்குள் ராகுகாலமும் பிறந்துவிட்டது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றாராம். "எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்ண?"

அப்பா உள்ளே திரும்பினார். "துணி எடுக்கிறது ஒன் வேலதான?" என்று என்னைக் கேட்டார். சமையலறையிலிருந்து அம்மா வந்தாள், கையில் தட்டு. "அவ எப்டி எடுப்பா? வாசப்பக்கம் தல காட்டாதன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நீ எடுத்தா இன்னா?"

"நான் அடுப்பாண்ட நின்னுகினு இருந்தேன். நீங்கதான் கதவாண்ட குந்தினு இருந்தீங்க."

எத்திராஜ் மாமாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆறிப்போன பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே குலுங்கினார். "டேய், நாலு பேரு வெளிய, நீ உள்ள. சொன்னா செக்சன்ல எவனும் நம்ப மாட்டான்டா." அப்பா அவரை முறைத்தார். பிறகு அவரும் படியில் உட்கார்ந்து தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு இஸ்கோல்ல போய்ச் சேத்துடு. அடுத்த எடம் வர வரைக்கும் ஊட்ல சும்மா குந்தினு இன்னா பண்ணப் போறா." அம்மா, "சரிங்க" என்று மட்டும் சொல்லி அவருக்கு ரசம் ஊற்றினாள். அடுத்த இடம் வரைக்கும்தான் என்று எனக்குத் தெரியும். அது எப்போது வரும், வந்தால் என்ன என்று அன்று நான் நினைக்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாளில் அந்த வார்த்தை வந்ததே, அது போதும். தட்டில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டேன். ஒரு வாரமாக நான் அப்படிச் சாப்பிடவில்லை.

இன்றைக்குக் காலையில் அம்மாவும் நானும் போய்ச் சேர்த்துவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது, அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்குவதற்குள் அம்மா பட்டனை அழுத்தினாள். டிங் கேட்டதும் பயந்து விரலை எடுத்தாள், டாங் கேட்டது. அவள் முகம் சிறுபிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மா எங்கள் வீட்டுப் பெல்லை அடித்ததே இல்லை. எப்போதும் உள்ளே இருந்து திறக்கிறவளுக்கு அடிக்க எங்கே வாய்ப்பு? உள்ளேயிருந்து அப்பா, "யாரு?" என்று கேட்டார். எங்கள் வரிசையில் வாசலுக்கு வருகிற யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், கொண்டுவந்த பொருளைத்தான் சொல்வார்கள். பால்காரர் பாலு என்பார், சிலிண்டர்காரர் கேஸு என்பார், மீட்டர் பார்க்க வருகிறவர் கரண்ட்டு என்பார். அம்மா ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "ப்ளஸ் ஒன்னு" என்றாள். அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. அப்பா முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேத்துகினாங்களா? சரி சரி, வா உள்ள, வெயில் அடிக்குது" என்றார். கதவைத் திறந்து விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் வெளியே இருந்தோம், வேறு யார் திறப்பது?

பாதிக்கு மேல் பயம் போய்விட்டது. மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா புத்திசாலி. மெஷின் ஓடும்போது அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். இந்த நேரத்தில் எத்திராஜ் மாமாவும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, அந்த மதியத்தை மறுபடி மறுபடி பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து புங்க மரம் தெரியுமே என்று யாராவது ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போதும். அம்மா தெரிந்துதான் சும்மா இருந்தாள் என்று அப்பாவுக்குத் தெரிந்தால், அவர் அவளை அடிக்க மாட்டார், கத்தக்கூட மாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பூந்தமல்லிக்குப் போய், அந்த அம்மாவின் முட்டியைத் தொட்டாவது மன்னிப்புக் கேட்டு, அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு அது மானப் பிரச்சினை. அப்புறம் இன்றைக்குக் கட்டின பீஸ், வாங்கின புத்தகம், எல்லாம் வீண். அதனால்தான் உன்னிடம் இத்தனை கெஞ்சுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. துணியை நான் எப்போதும் கேட்டின் மேல் சும்மா மடித்துப் போட்டுவிடுவேன். காற்று அடித்தால் விழுந்துவிடும், அதற்கு எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன், அன்று துணியைப் போட்டவள் அம்மா. சாயங்காலம் அப்பா அதை எடுக்கப் போனபோது வரவில்லை. குனிந்து பார்த்தார். இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பி நெம்பித்தான் அவிழ்த்தார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் அப்போதிருந்து அதே நினைப்பு. காற்றுக்காகப் போட்ட முடிச்சா, அல்லது காலையிலேயே அவள் முடிவு பண்ணிவிட்டாளா? பிளவுஸ் தைக்கும்போதே பண்ணிவிட்டாளா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோதேவா? அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்த ராத்திரியை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டுவிடலாமா என்று ஒரு மனசு சொல்கிறது. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டி வரும், சொன்னால் அது இந்த வீட்டில் ஒரு வார்த்தையாக நின்றுவிடும். சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அது வெறும் மறதிதான். நீ பெரியவனான பிறகு உனக்காக யாராவது இப்படி ஒன்று செய்தால், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, கண்ணா. நன்றாகப் படி, வேளைக்குச் சாப்பிடு, அவர்கள் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே எழுந்து போ. அவர்களுக்கு அது போதும் என்று

கதவைத் தட்டுகிறார்கள். வாசல் கதவு இல்லை, இந்த அறைக் கதவுதான். விரலை மடக்கி மெதுவாக இரண்டு தட்டு. அம்மாதான். கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்திருக்கும். நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அவளாகவே சொன்னால்